வீட்டுக்கு ஒரு மாடு

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன கார்டை ஞானதாஸ் மூன்றாவது தடவையாகப் படித்தான். மூன்று தடவையும் அதில் ஒரே சேதிதான் இருந்தது.

'உன் கிராம ஆய்வைப் படித்தேன். மிக்க மகிழ்ச்சி. நிலமே இல்லாத நாற்பது குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு கறவை மாடு! சனிக்கிழமை காலை ஜீப்பில் வருகிறேன். மாடுகளை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.'

புரொபசர் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை எழுத முடியும். பரீட்சை எழுதினால்தான் சர்க்கார் உபகாரச் சம்பளம் தொடர்ந்து வரும். அது நின்றால் பி.ஏ. பொருளாதாரம் அத்தோடு சரி. சொந்த ஊர் மானாம்பதியில் யார் கழனியிலாவது இறங்கி நாற்றுப் பிடுங்க வேண்டியதுதான்.

காலனியில் நாற்பது வீடு இருந்தது வாஸ்தவம். மாடுதான் ஒன்றுகூட இல்லை.

"இன்னாடா தாசு, மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?" என்றாள் அம்மா ஞானசுந்தரி.

"எங்க புரொபசரு வர்றாரும்மா. சனிக்கெயம."

"வரட்டுமே. வந்தா ஒரு வாய் காப்பி குடுத்தா போச்சி."

"மாடு பாக்க வர்றாரு."

"யாரு மாட்ட?"

"நம்ம மாட்ட."

ஞானசுந்தரி எழுந்து போய்க் குடிசையின் பின்புறத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். தனக்குத் தெரியாமல் பிள்ளை ஏதாவது வாங்கிக் கட்டியிருக்கிறானோ என்று ஒரு சந்தேகம், பாவம்.

ஞானதாஸ் அயோக்கியன் இல்லை. திட்டம் போட்டுப் படிக்கிறவன், அவ்வளவுதான். பட்டணத்து ஹாஸ்டலில் அவன் கட்டிலுக்கு மேலே கால அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கும். ஆறு மணிக்குச் சரித்திரம், ஏழேகாலுக்குக் குளியல், ஏழரைக்கு இங்கிலீஷ். அதன் அடியில், 'குறைந்த நேரம், நிறைந்த வேலை' என்று சிவப்பு மசியில் எழுதிக் கோடும் போட்டிருந்தான்.

ஆய்வுக்குக் கிடைத்தது பத்து நாள் லீவு. முதல் நாள் காலையில் எல்லம்மாள் வீட்டுக்குப் போய், "மாசத்துக்கு எத்தினி படி அரிசி செலவாவுது?" என்று கேட்டான். எல்லம்மாள் தன் மருமகள் அரிசி களையும் லட்சணத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்த மருமகளைப் பெண் பார்க்கப் போன கதைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்றால் நாற்பது வீட்டுக்கு நாற்பது நாள். கால அட்டவணை என்னத்துக்கு ஆகும்?

மறுநாள் புளியமரத்தடியில் உட்கார்ந்து மீதி முப்பத்தொன்பது வீட்டுக் கேள்விப் பாரங்களையும் தானே நிரப்ப ஆரம்பித்தான். பிறந்து வளர்ந்த இடம், அவனுக்குத் தெரியாததா? நிலம்: இல்லை. கிணறு: இல்லை. மாடு: இல்லை. சேமிப்பு: இல்லை. ஐந்து பாரம் எழுதிவிட்டுப் புரட்டிப் பார்த்தான். பகீரென்றது. யாரையும் கேட்காமல் எவனோ சோம்பேறி கிறுக்கியதுபோல இருந்தது. உண்மையைத்தான் எழுதியிருந்தான், ஆனால் படிக்கிறவன் நம்ப மாட்டான்.

ஆகவே பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று எல்லம்மாள் உள்பட வீட்டுக்கு ஒரு மாடு கொடுத்தான். நாற்பது மாட்டையும் ஒன்றரை மணி நேரத்தில் கட்டி முடித்தாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு மாடு என்னடாவென்றால் புரொபசரையே ஜீப்பில் ஏற்றிவிட்டது.

முதலில் தப்பிக்கத்தான் பார்த்தான். 'மாடுகளுக்குக் கோமாரி. தாங்கள் வர வேண்டாம்' என்று அன்றைக்கே கார்டு போட்டான். வியாழக்கிழமை பதில் வந்தது: 'ஒரு மாடுகூடச் சாகக் கூடாது! கால்நடை டாக்டரையும் அழைத்து வருகிறேன்.'

ஞானதாஸ் உத்திரமேரூருக்கு ஓடி, 'மாடுகள் பூரண குணம்' என்று தந்தி அடித்தான். அந்தத் தபாலாபீசிலிருந்து மாட்டுக்காக ஒருவன் தந்தி அடித்தது அதுதான் முதல் தடவை. குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

இனி மாடு பிடித்தே ஆக வேண்டும். காலனியில் மாட்டோடு சம்பந்தப்பட்ட ஒரே ஆள் முனியன். ஊர்த்தெருக்காரர்களின் மாடுகளை ஏரிப்பக்கம் ஓட்டிப்போய் மேய்க்கிறவன். ஞானதாஸோடு மூன்றாம் வகுப்புவரை படித்தவன்.

"இவ்ளோதானா? இதுக்கா பேஜார் ஆயிக்கினு கீற?" என்றான் முனியன். "ஏரிக்குப் போற மாட்ட அப்பிடியே இந்தப் பக்கமா திருப்பிட்டா போச்சி."

"எத்தினி மாடு கீது?"

"இருவத்திரண்டு."

"நாப்பது வோணுமேடா!"

"அவரு ஒரே நேரத்துல நாப்பது வூட்டையுமா பாப்பாரு? முன்னால பாத்துக்கினே போவட்டும். பாத்த மாட்ட நான் பின்னாலயே ஓட்டியாந்து அடுத்த வூட்ல கட்டிடறேன்."

"ஊர்த்தெருவுல தெரிஞ்சிட்டா?"

"மாடு போயி சொல்லுமா?"

நியாயமான பேச்சு. வெள்ளிக்கிழமை முழுக்க ஞானதாஸ் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினான். மாடு யாருது என்றால் 'எங்களுது'. எத்தனை படி கறக்கும் என்றால் 'ஒரு படி'. வேறொன்றும் பேசக் கூடாது. காலனியில் மாடு கட்டக் கயிறு கிடையாது. ஞானசுந்தரி பழைய புடவைகளைக் கிழித்துத் திரித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. நல்லவேளை, டாக்டர் வரவில்லை. புரொபசர் இறங்கினார், ஒல்லியான மனிதர், கையில் குடை, கக்கத்தில் நோட்டுப் புத்தகம். டிரைவர் இருசப்பன் ஜீப்பிலேயே சாய்ந்துகொண்டு பீடி பற்ற வைத்தான்.

முதல் வீடு எல்லம்மாளுடையது.

"மாடு யாருடையதம்மா?"

"எங்களுது, சாமி."

"எத்தனை படி கறக்கும்?"

"ஒரு படி."

புரொபசர் எழுதிக்கொண்டார். ஞானதாஸுக்கு உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வீட்டில் பாஞ்சாலி இருந்தாள். அவளுக்கும் எல்லம்மாளுக்கும் குழாயடியில் பேச்சு வார்த்தை நின்று ஆறு மாசம் ஆகிறது. எல்லம்மாள் மாடு ஒரு படி என்றால் அவள் மாடு அதற்குக் குறைச்சலா?

"எங்க மாடு ரெண்டு படி, சாமி!" என்றாள், எல்லம்மாள் காதில் விழும்படி.

மூன்றாவது வீட்டில் மூன்று படி. சும்மா கிடந்த மானம் எல்லாருக்கும் ஒரே நாளில் விழித்துக்கொண்டது. பத்தாவது வீட்டுக்கு வந்தபோது மாடு எட்டுப் படி கறந்துகொண்டிருந்தது. "விசாயக்கெயமயில ஒம்போது," என்றாள் அந்த வீட்டு மங்கம்மா. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். புரொபசரோ அதையும் எழுதிக்கொண்டார். ஞானதாஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இருபத்தைந்தாவது வீட்டில் புரொபசர் நின்றார். இடது கொம்பு உடைந்த ஒரு செவலை மாட்டைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"இந்த மாட்டை இரண்டாவது வீட்டில் பார்த்த மாதிரி இருக்கிறதே?"

ஞானதாஸ் வாயைத் திறக்குமுன், கூடவே வந்துகொண்டிருந்த ஞானசுந்தரி முந்திக்கொண்டாள். "அது இதோட அக்காங்க. ரெட்டையா பொறந்ததுங்க."

"இரண்டுக்குமா கொம்பு உடைந்திருக்கிறது?"

"ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கினுதுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அப்போதுதான் புரொபசர், "நல்ல வெயில். ஒரு டம்ளர் பால் கிடைக்குமா?" என்று கேட்டார்.

மாடுகளை ஊர்த்தெருவிலேயே விடியற்காலையில் கறந்தாயிற்று. முனியன் ஒரு டம்ளரோடு செவலைக்குக் கீழே குந்தினான். ஒரே உதையில் டம்ளர் ஒரு பக்கம், முனியன் ஒரு பக்கம். ஞானசுந்தரி தன் வீட்டுக்குள் ஓடினாள். மாதா கோயிலில் பிள்ளைகளுக்குக் கொடுத்த அமெரிக்கப் பால் பவுடர் கொஞ்சம் டப்பாவில் இருந்தது. வெந்நீரில் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். புரொபசர் ஒரு வாய் குடித்தார். நாக்கில் ஒட்டிய கட்டியை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"பசும்பாலா?"

"ஆமா சாமி. கொஞ்சம் கெட்டி."

அதையும் சமாளித்திருக்கலாம். ஆனால் நாற்பது வீட்டுக்கும் பாடம் நடத்திய ஞானதாஸ், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று யோசிக்கவில்லை. உச்சிவேளையில் செவலை ஒரு தடவை கத்தியது. மற்றவை பதிலுக்குக் கத்தின. இருபத்திரண்டும் தலையை ஒரு உலுப்பு உலுப்பின. புடவைக் கயிறு பட்பட்டென்று அறுந்தது. முனியன் குறுக்கே விழுந்து கத்தினான், கெஞ்சினான், ஒன்றும் நிற்கவில்லை. வரிசையாக ஊர்த்தெருவுக்கு நடந்து, ஒவ்வொன்றும் அதனதன் ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தது. கழுத்தில் ஞானசுந்தரியின் கல்யாணப் புடவை முந்தானை தொங்க, செவலை கடைசியாகப் போயிற்று.

காலனியே வாசலில் வந்து நின்றது.

ஞானதாஸ், தன் மூன்று வருஷப் படிப்பு அந்த மாடுகளின் பின்னாலேயே நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இனிமேல் பொய் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை.

"சார், மன்னிச்சிடுங்க," என்றான். "ஒரு மாடுகூட எங்களுது இல்ல. பாரம் எல்லாம் மரத்தடியில உக்காந்து நானே எழுதினது."

புரொபசர் அவனைப் பார்த்தார். மாடுகள் போன திசையைப் பார்த்தார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஜீப்புக்குப் போய்விட்டார்.

ஞானசுந்தரி தலைமேல் கை வைத்து உட்கார்ந்தாள். "போச்சே! எம்புள்ள படிப்பு போச்சே!" என்று அழுதாள். பாஞ்சாலியும் எல்லம்மாளும் ஆறு மாசத்துப் பகையை மறந்து ஆளுக்கு ஒரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜீப்பில் புரொபசர் குனிந்து இருசப்பன் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. இருசப்பன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, சாவகாசமாக நடந்து வந்தான். ஞானதாஸின் பாரக் கட்டை நீட்டினான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தது, மசி இன்னும் காயாமல். ஞானதாஸ் ஒன்றும் புரியாமல் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"ஐயாவுக்கு நேரா கேக்க கூச்சமா கீதாம்," என்றான் இருசப்பன், குரலைத் தாழ்த்தி. "போன வருசம் அவுரும் இந்தப் பக்கமே வராம, ரூம்புல குந்திக்கினே உங்க காலனிய பத்தி புக்கு போட்டுட்டாரு, அத்தப் படிச்சிட்டு அமெரிக்காலேர்ந்து ஒருத்தரு வர்ற செவ்வாக்கெயம நேர்ல பாக்க வர்றாரு. புக்குல வூட்டுக்கு ரெண்டு மாடுன்னு கீது, அன்னிக்கி இன்னும் ஒரு நாப்பது கெடைக்குமா தம்பி?"