மூணு கொட்டேசன் கோட்டு

குமுளி மலையடிவாரத்தில் ஆரம்பித்து ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் தேடினாலும், அரைக் கிலோ தக்காளி வாங்குவதற்காக ஒரு மூட்டைத் தக்காளியைத் தரையில் கொட்ட வைத்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். எங்கள் சின்னமனூர் தெருவில் அவருக்குப் பெயர் அடிமூட்டை. தாய் தகப்பன் வைத்த பெயர் ரேசன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பட்டாளத்தில் ஸ்டோர் ஹவில்தாராக இருந்து பென்சனோடு வந்தவர். துணிமணி, பூட்ஸ், கம்பளி எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுக்கிற வேலை. காண்ட்ராக்ட் எடுத்தவன் முதலில் கொண்டுவந்து காட்டுகிற சாம்பிள் கம்பளியைக் கழுத்தில் சுற்றினால் காய்ச்சல் வந்த மாதிரி சூடு ஏறுமாம். பின்னால் லாரியில் வருகிற சரக்கிலும் மேல்மூட்டை அப்படியே இருக்குமாம். அடிமூட்டையைப் பிரித்துக் கம்பளியை விரித்துப் பிடித்தால், அந்தப் பக்கம் நிற்கிற ஆள் மீசையோடு தெரிவாராம். பூட்ஸ் பெட்டியைத் திறந்தால் சில சமயம் இரண்டும் இடது காலுக்கே இருக்குமாம்.

"பனியில நிக்கிறவனுக்கு மேல்மூட்டை கெடைக்காதுத்தா. எல்லாரும் எடுத்தது போக மிச்சந்தான் மலைக்குப் போகும்" என்பார்.

அவரே ஒரு தடவை மலைக்கு மேலே போய், இடது காலில் இரண்டு விரலைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்தான். யாராவது கேட்டால் செருப்பைக் கழற்றிக் காட்டி, "கவர்மெண்டுல டெபாசிட்டு போட்டிருக்கேன். வட்டி மாசாமாசம் பென்சனா வருது" என்று சிரிப்பார்.

அன்றைக்குப் பிடித்த புத்தி ஊருக்கு வந்தும் அவரை விடவில்லை. கடையில் மேலே அடுக்கி வைத்த எதையும் வாங்க மாட்டார். "மேல இருக்கிறது சாம்பிள். அடியில கைய விடுலே" என்பார். காய்கறிக்காரர்கள் அவர் தலையைக் கண்டதும் சாக்கைப் போட்டு மூடுவார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வந்தால், அடியில் கலக்கி ஊற்றச் சொல்வார். காய் முழுக்க அவர் இலையில் விழும். அவருடைய சந்தேகத்தால் அவருக்கு லாபம் வந்தது சாம்பாரில் மட்டும்தான்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "அலங்காரம் பண்ணி நிப்பாட்டுனா எப்படித் தெரியும்? களை எடுக்கையில பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வயல் வரப்பில் வந்து நின்றாராம். அதை அவர் மனைவியே, எங்கள் எல்லாருக்கும் அக்கா, சொல்லுவார்.

"என்னையச் சாம்பிளும் பாத்தாக, சப்ளையும் பாத்தாக. நாந்தான் ஏமாந்துட்டேன். இந்த மனுசன் சாம்பிளாவும் நல்லா இல்ல, சப்ளையாவும் நல்லா இல்ல."

இப்படிப்பட்டவர் கையில் என் மகனுடைய குளிர்கோட்டு விவகாரம் மாட்டியது.

கார்கில் சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. என் மகன் செல்வம் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவான். நான் போய்க் காத்திருப்பேன். துணைக்குப் பேச்சி வருவாள். இரண்டு பேரும் தெருக்கோடிப் பஞ்சு ஷெட்டில் வேலை பார்த்தோம். வருசநாட்டு மலையிலிருந்து வருகிற இலவங்காயை உடைத்து, கொட்டை நீக்கி, தலையணை மெத்தைக்குப் பஞ்சு அடைக்கிற வேலை. எனக்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் வராது. எனக்கும் சேர்த்துப் பேச்சி பேசிவிடுவாள்.

அன்றைக்கு அடிமூட்டையும் பூத்தில் இருந்தார். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று பூத்துக்காரனோடு வழக்கு.

"அம்மா, தீபாவளி கழிச்சு எங்கள மேல ஏத்துறாக. பனிமலைக்கு" என்றான் செல்வம்.

"குளிருக்குக் கோட்டு குடுத்தாகளாப்பா?"

"குடுத்தாகம்மா. ஜிப்புதான் பாதியில நின்னுக்கிருது. வேற கேட்டிருக்கேன், வரும் வரும்ங்கிறாக."

"ஜிப்பு ஏறலையாப்பா?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை, ரிசீவர் என் கையில் இல்லை. அடிமூட்டை பிடுங்கிவிட்டார்.

"ஏலே செல்வம்! எங்கன நிக்குது? வயித்துலயா, நெஞ்சுலயா?... நெஞ்சுக்குக் கீழயா? அப்பக் கழுத்து வரைக்கும் தொறந்து கெடக்கு!... என்னது, வந்துரும்னு சொன்னாகளா? ஏலே, நான் சர்வீஸ்ல இருக்கையில கேட்ட கையுறை இன்னமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு!"

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தாயி, கலங்காத. தீபாவளிக்கு முன்னால ஒம்மகன் மேல ஒரு கோட்டு இருக்கும். இங்கனயே தைக்கிறோம். ஒன் ஷெட்டுப் பஞ்சு உள்ள, கெட்டித் துணி வெளிய. எந்தப் பனியும் உள்ள வராது."

எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. தீபாவளிக்கு இரண்டு மாதம் கிடந்தது. ஒரு கோட்டுத் தைக்க இரண்டு மாதம் எதற்கு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் டெய்லரிடம் போவார் என்று பார்த்தால், மூன்று பேரிடம் கொட்டேசன் வாங்க வேண்டும் என்றார். எங்கள் தெருவில் இருந்தது இரண்டு டெய்லர். இரண்டு பேரிடம் வாங்கினால் செல்லாது, ரூல் மூன்று என்று சொல்லி, கம்பம் ரோட்டில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற மூக்கையாவிடம் போய் நின்றார்.

"வண்டிக்கு எத்தன வீலுண்ணே?" என்றார் மூக்கையா.

"வண்டி இல்லப்பா. ஆளு."

"ஆளுக்கு எதுக்குண்ணே தார்ப்பாயி?"

"அது ஒனக்கு எதுக்கு? ரேட்டச் சொல்லு."

மூக்கையா லாரியையே மூடுகிறவர். ஒரு ஆளை மூடுவதற்கு என்ன கேட்டுவிடப் போகிறார்? அவர் ரேட்டுதான் மூன்றிலும் குறைச்சலாக வந்தது. அடிமூட்டைக்கு முகம் வாடிவிட்டது. விசயத்தைக் கேள்விப்பட்டுப் பேச்சி ஷெட் வாசலிலேயே அவரை மடக்கினாள்.

"கொறஞ்ச ரேட்டுக்காரனுக்குத்தான் ஆர்டரா, மிலிட்டரியண்ணே?"

"ஆமாத்தா. அதான் ரூலு."

"அந்த ரூலுதானண்ணே ஒங்க ரெண்டு வெரலைத் தின்னுச்சு?"

அவர் இடது காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "ரூலுல தப்பில்லத்தா. நடத்துறவன் சரியில்ல. இங்கன நடத்துறது நானு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டு வந்தது. லாரித் தார்ப்பாய்க்கு உண்டான பச்சை. கீழ் ஓரம் முழுக்கக் கயிறு கோக்கப் பித்தளை வளையம். அது எதற்கு என்று கேட்டால், "கைப்பழக்கம்ணே. காத்து அடிச்சா ஆளைக் கட்டிப் போட்டுக்கிறலாம்ல" என்றார் மூக்கையா. நாங்கள் பஞ்சு அடைத்தோம். எங்களுக்குத் தெரிந்தது தலையணை. மகனுக்குப் போகிற சாமான் ஆயிற்றே என்று நான் கொஞ்சம் கூடுதலாகவே அமுக்கினேன். மூக்கையாவுக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு கையும் பக்கவாட்டில் நின்றுவிட்டன, கீழே இறங்கவில்லை. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றுகொண்டு, "மூக்கு அரிக்குதுண்ணே, யாராச்சும் சொறிஞ்சு விடுங்க" என்று கெஞ்சினார். பஞ்சைக் குறைத்து அடைத்தோம்.

அடுத்து டிரையல். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைப் பெட்டிகளை வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் ஒன்று இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் போய், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார் அடிமூட்டை. வாட்ச்மேன் எட்டி எட்டிப் பார்த்து, "சார், ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா திராட்சைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று அழாத குறை. வெளியே வந்தபோது நெஞ்சிலும் தோளிலும் பஞ்சே இல்லை. அத்தனையும் சரிந்து வயிற்றுக்கு வந்து உருண்டையாக நின்றது.

அக்கா ஒரு பார்வை பார்த்தார். "நல்லாருக்கு. இந்த வயசுல மாசமா வேற இருக்காக."

"மெத்தைக்குப் போடுற மாதிரி கட்டங்கட்டமாத் தையலப் போட்டா, பஞ்சு நின்னுக்கிருமுண்ணே" என்றாள் பேச்சி.

யார் சொன்னாலும் கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு அது ஸ்பெசிபிகேசன் மாறுகிற விசயம். நடுவில் மாற்றக் கூடாது. மாற்றினால் முதலிலிருந்து வர வேண்டும். மறுபடி மூன்று கொட்டேசன். மறுபடி மூக்கையா. மறுபடி கோல்டு ஸ்டோரேஜ். இந்தத் தடவை பஞ்சு நின்றது, காலர் நிற்கவில்லை. காலருக்கு ஒரு சுற்று. தீபாவளி வந்தது, வெடித்தது, போய்விட்டது.

நான் தினமும் சாயங்காலம் அவர் வாசலில் போய் நிற்பேன். கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டுதான் போவேன். அவரைப் பார்த்ததும் ஒன்றும் வராது. அவரே சொல்லுவார்: "ஒண்ணும் பயப்படாத தாயி. இன்ஸ்பெக்சன் ஸ்டேஜுல இருக்கு." நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கார்த்திகைக் கடைசியில், இனி எந்த நாளும் மேலே கிளம்பிவிடுவோம் என்று செல்வத்திடமிருந்து போன் வந்தது. மறுநாள் ஷெட்டில் அடிமூட்டை கோட்டை மடியில் போட்டுக்கொண்டு தையல் தையலாக நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அண்ணே, எம்மகன் வெறும் நெஞ்சோட மலையேறப் போறான். கோட்டு இங்கன இருக்கு."

ஷெட்டில் எல்லார் கையும் நின்றுவிட்டது. நான் பேசியதே அங்கே பாதிப் பேருக்கு அதிசயம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கோட்டைப் பார்த்தார்.

"நானும் இப்பிடித்தான் தாயி ஒரு ஸ்டோரு வாசல்ல நின்னு கேட்டேன். இன்ஸ்பெக்சன்ல இருக்குன்னுதான் எனக்கும் சொன்னாக" என்றார். எழுந்து போய்விட்டார். அன்றைக்கு வேட்டியில் ஒட்டிய பஞ்சைக்கூட அவர் தட்டிவிடவில்லை.

மறுநாள் வீட்டில் ஆள் இல்லை. "கோட்டையும் ரெக்சின் பையையும் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போயி ரயிலேறிட்டாக. நேராக் குடுத்துட்டு வர்றேன்னாக. நார்த்தங்கா ஊறுகா வச்சுக் கட்டிவிட்டேன்" என்றார் அக்கா. முதல் தடவையாக அவர் புருசனைப் பற்றிக் கேலி பண்ணாமல் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் போன பிறகு செல்வத்திடமிருந்து போனே வரவில்லை. மார்கழி பாதியில் திரும்பி வந்தார். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், பச்சைத் தார்ப்பாய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பையில் வைக்க முடியவில்லை போலிருக்கிறது. பை வாய் பிளந்து கிடந்தது, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார். பேச்சியும் நானும் ஓடினோம்.

"கோட்டக் குடுக்கலையாண்ணே?"

"வாங்க மாட்டேன்ட்டாக. வெளிச் சாமான் மேல போகக் கூடாதாம். சாம்பிள் எங்க அப்ரூவ் ஆச்சுன்னு கேட்டாக."

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டு திரும்பி வந்துவிட்டது என்றால் என் மகன் என்ன கதியில் இருக்கிறான் என்றுதான் புத்தி ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்து, "பையன் நல்லாருக்கான் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். ஊரில் எல்லாக் கதையையும் மூன்று தடவை சொல்லுகிற மனிதர், இதை அதற்குமேல் சொல்ல மறுத்துவிட்டார். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அம்மா, நாளைக்கி மேல ஏறுறோம். ரோட்டுல பனி விழுந்து இத்தன நாளு கீழயே நிப்பாட்டிட்டாக, போனு லைனும் கெடையாது. மாமா வந்துட்டுப் போனாரும்மா."

"கோட்டத்தான் வாங்கலையாமேப்பா."

"அத விடும்மா. எங்கோட்ட எடுத்துட்டு வரச் சொன்னாரு. கேட்டுக்கு வெளிய ஒரு டீக்கடை. ஜிப்ப இழுத்துப் பாத்தாரு, வஞ்சாரு. அப்பறம் பையில இருந்த சாமானெல்லாம் பெஞ்சில கொட்டிட்டு, பையோட ஜிப்ப அத்து எடுத்து, எங்கோட்டுல வச்சுத் தைச்சாரும்மா. தார்ப்பாயி தைக்கிற ஊசி. அந்தக் குளிருல கை வெறச்சு ஊசி கீழ கீழ விழுது. நான் தைக்கிறேன் மாமான்னேன். 'நீ கைய ஜோப்புல வையிலே, மேல போறவன் நீ'ன்னு சத்தம் போட்டாரு."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கழுத்து வரைக்கும் ஏறுதும்மா இப்ப. யார்கிட்டயும் சொல்லிறாத. கவர்மெண்டு கோட்டுல கை வச்சா ரூல்படி குத்தமாம். தெரிஞ்சா எனக்குத்தான் வினையின்னு மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சியிடம் சொன்னேன், அது ஊருக்கே சொன்ன மாதிரிதான். செல்வம் இப்போது பட்டாளத்தை விட்டு வந்து பல வருசம் ஆகிறது. அந்தக் கோட்டும் கிழிந்து போயிருக்கும். இனி எழுதினால் குற்றமில்லை என்று எழுதிவிட்டேன்.

அந்த மலையிலிருந்து அவன் நல்லபடியாக இறங்கி, சித்திரையில் லீவுக்கு வந்தான். நான் விடிந்ததிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவன் தெருவுக்குள் நுழைந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான், பெட்டியோடு நேராக அடிமூட்டை வீட்டுக்குள் போய்விட்டான்.

பேச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னடி இது, பெத்தவ இங்கன நிக்கிறா, ஒம்மகன் அங்கன போறான்?"

அவன் முதலில் போக வேண்டிய வீட்டுக்குத்தான் போயிருக்கிறான்.