இஞ்சி இடித்த கல்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வெட்கப்பட்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவள் நான். ஒரே ஒரு நாள் தைரியமாக வாய் திறந்தேன். அதன் பலன்தான் இது.

எங்கள் வீடு டெக்சாஸில். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. லீவு விட்டால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவர் நியூ மெக்ஸிகோ பக்கம் எப்போதோ மூடிப்போன யுரேனியச் சுரங்கங்களைச் சுற்றி, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கல் பொறுக்குவார். கையில் கதிர்வீச்சு மீட்டர் இருக்கும். கல்லில் வீரியம் இருந்தால் டிக் டிக் என்று அடிக்கும். (நான் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவேன்.) கற்களைக் கராஜில் ஓர் இரும்புப் பெட்டியில் வைத்திருப்பார். "இந்தப் பெட்டிய மட்டும் தொடாத" என்பார். தன் ஸ்க்ரூடிரைவர்களைப் பற்றியும் அதையேதான் சொல்வார் என்பதால் நான் காரணம் கேட்டதில்லை.

எங்கள் மகள் நிலா ஒரு பையனை விரும்பினாள். பையனின் அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள், ஹூஸ்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பேசி முடிக்க வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. தாய்க்காரி பத்தாவது என்பதால் என் பெண்ணைக் குறைவாக எண்ணிவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. என்னிடம் இருந்த ஒரே சர்டிபிகேட் இஞ்சி டீ.

அந்த நேரம் பார்த்து என் இடிகல் கைதவறி விழுந்து உடைந்தது. வேறு கல் தேடிப் போனால், கராஜுக்குப் பின்னால் கழுவிக் காயவைத்த மாதிரி ஒன்று கிடந்தது. கறுப்பு, உள்ளங்கைக்கு அடக்கம், அளவுக்கு மீறிய கனம். (பெட்டியைத் தொடாதே என்றுதானே சொன்னார். இது வெளியில் கிடந்தது.) ஒரு வாரம் பலகையில் இஞ்சியை வைத்து அதனால்தான் இடித்தேன். "ஒரு கல்லக் காணோம்" என்று என் டீயைக் குடித்துக்கொண்டே அவர் தேடினார். எப்போதும் எதையாவது தேடுகிற மனிதர்.

சம்பந்திகள் வந்தார்கள். அந்த அம்மா ஒரு வாய் குடித்ததும் கண்களை மூடினார்.

"தேத்தண்ணி திறமா இருக்கு. என்ன போட்டனீங்கள்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரை அடுக்களைக்கே கூட்டிப்போய்ப் பிரசங்கம் செய்தேன். "மிக்ஸில போட்டா மணமே வராதுங்க. கல்லுல இடிக்கணும். அதுவும் எல்லாக் கல்லும் சரிப்படாது."

"எங்க, காட்டுங்கோ பாப்பம்." கையில் வாங்கி எடை பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "சரியான பாரம்."

அதே சமயம் அவருடைய கணவருக்குக் கராஜைக் காட்டி முடித்த என்னவர், மீட்டரோடு உள்ளே வந்தார். "இந்த கிரானைட் மேடையே லேசா அடிக்கும் டாக்டர், பாருங்க." டிக்… டிக்… மேடையோரமாக நகர்த்திக்கொண்டே வந்தவர் சம்பந்தியம்மாவின் கையை நெருங்கினார். காய்ந்த எண்ணெயில் ஒரு கை கடுகை அள்ளிப் போட்ட சத்தம்.

என்னவர் முகத்தில் ரத்தமே இல்லை. "மேடம், அதக் கீழ வைங்க. மெதுவா."

"அது இஞ்சிக் கல்லுங்க" என்றேன்.

"அது யுரேனியம், வசந்தி."

வாசலில் நின்ற நிலா, "அம்மா, யூ கேவ் தெம் யுரேனியம்?" என்றாள். சம்பந்தி தன் காலிக் கோப்பைக்குள் பார்த்தார். "நான் ரெண்டு கப் குடிச்சிட்டன்."

எல்லோரும் வரிசையில் நின்று கை கழுவினோம். பிறகு விமான நிலையத்தில் நிற்பதுபோல் ஒவ்வொருவரும் கைகளை விரிக்க, இவர் மீட்டரை மேலும் கீழும் நகர்த்தினார். இஞ்சி இடித்த பலகை மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தது. என் மகளின் வாழ்க்கையை நானே இடித்துப் பொடியாக்கிவிட்டேன் என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "ஒருநாள் குடிச்ச எங்களுக்கு ஒண்டும் வராது எண்டு நினைக்கிறன். இவர் எவ்வளவு நாளாக் குடிக்கிறார்?"

"ஒரு வாரமா" என்றேன்.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் மீட்டரை மெல்லத் தன் வயிற்றருகே கொண்டுபோனார். முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். சிரித்து ஓய்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொருக்காத் தேத்தண்ணி போடுங்கோ. இஞ்சி வேண்டாம். கலியாணத் திகதியைக் கதைப்பம்."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. இன்றும் நான் டீத் தட்டோடு வந்தால் சம்பந்தி கோப்பையைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "கல்லோ, பொடியோ?" என்பார். பதில் வந்த பிறகுதான் குடிப்பார்.

சம்பந்திகள் வந்துபோன மறுநாள் காலை என் கணவர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு, வரும் வழியில் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். நான் இஞ்சிப் பொடி வாங்கினேன்.