போட்டியின்றித் தேர்வான என் ஊர்க்கவுண்டருக்கு

வளப்பூர் நாட்டுக் குப்புசாமி மாமா சமூகத்துக்கு, இதே மலையின் ஆலத்தூர் நாட்டிலிருந்து மருமகன் மணிவண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் ஆடுகளும் சுகம். அத்தையின் முழங்கால் தேவலையா? போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவீர்கள், அதனால் எழுதிப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

ஊற்றுத் தடத்தில் மண் சரிந்துவிட்டது, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரணும் என்று எங்கள் ஊர்க்கவுண்டர் அருணாசலம் சொல்லியனுப்பினார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன், எதுவும் ஏன் ஓடுகிறது என்று திறந்து பார்க்காமல் விடமாட்டேன். நேரே போய், உங்களுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது, நான் பிறக்குமுன் யாரோ ஒத்துக்கொண்டதற்கு நான் ஏன் கட்டுப்படணும், இங்கே குடியிருப்பதே சம்மதம் ஆகிவிடுமா என்று ஊர் முன்னால் கேட்டேன். மனிதர் கோபப்படவே இல்லை. "யாருங் குடுக்கலீங்க சாமி. நான் சொல்றேன், இவங்க கேக்கறாங்க, அவ்வளவுதான். நீ கேக்காட்டி உம்மேல எனக்கு ஒரு அதிகாரமும் இல்ல. இன்னியிலிருந்து நீங்க இந்த ஊருக்கு விருந்தாளிங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பெருமாயி தன் டீக்கடையில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டு, எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்று விசாரிக்கிறாள். நானாகவே தடத்தில் கல் பெயர்க்கப் போனால் விருந்தாளி வேலை செய்தால் ஊருக்கு இழுக்கு என்று மண்வெட்டியைப் பிடுங்குகிறார்கள். தண்ணீர்க்குழாய்க்கு வாட்டம் தப்பு, தண்ணீர் ஓடாது என்றேன், விருந்தாளி பேச்சை மறுக்கக்கூடாதாம், எல்லோரும் தலையாட்டிவிட்டு அப்படியே தப்பாகப் புதைத்தார்கள். இதெல்லாம் போகட்டும், என்னைப் பெத்த அம்மாவே தலைவாழை இலை போட்டு, "இன்னுங் கொஞ்சம் சோறு வச்சுக்கங்க"ங்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வரும் ஞாயிறு திருப்புலி நாட்டிலிருந்து கோகிலவாணி வீட்டார் எங்கள் கல்யாணத்துக்கு வெற்றிலை மாற்ற வருகிறார்கள். மாப்பிள்ளை பக்கம் ஊர்க்கவுண்டர் கைதான் வாங்கணும், இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை. இவரோ, "விருந்தாளிக்கு அவிய ஊர்க்கவுண்டர்தானுங்க வாங்கணும்" என்கிறார். ஆகவே நான் ஒருவனே ஓர் ஊராகி, ஓட்டுப் போட்டு, உங்களைப் போட்டியின்றி ஊர்க்கவுண்டராகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வெற்றிலை கைமாறும்வரைதான் ஆட்சி. சரியில்லை என்றால் நடுவிலேயே இறக்கிவிடும் உரிமை எனக்கு உண்டு. வெள்ளை வேட்டியோடு முதல் பஸ்ஸில் வரவும்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. அறப்பளீசுவரர் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
எவருக்கும் கட்டுப்படாத
மணிவண்ணன்

பின்குறிப்பு: வர வேண்டாம் மாமா. கடிதத்தை மடிக்கும்போது கோகிலவாணி போன் செய்தாள். "ஏனுங்க, போயி கவுண்டர்கிட்ட மண்வெட்டியக் கேட்டு வாங்குங்க. அப்புறந்தான் எங்கிட்டப் பேச்சு" என்று வைத்துவிட்டாள். ஓடிப்போய் வாங்கினேன், மறுபடியும் ஊர்க்காரன் ஆகிவிட்டேன். அவள் சொல்லுக்குக் கட்டுப்பட அவளோடு எனக்கு இன்னும் எந்த ஒப்பந்தமும் ஆகவில்லை என்பது பாதித் தடம் வெட்டிய பிறகுதான் உறைத்தது.