சகலை வீட்டுக்குப் போகாத வண்டி

முதலில் தப்புச் செய்தது சகலைதான். உலகம் இதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் துணிவண்டிக்காரர் ஐந்து வருடமாக மறக்காமல் வைத்திருக்கிறார்.

துணிவண்டிக்காரர் என்பது வேலையால் வந்த பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை அழுக்காக ஏற்றிக்கொண்டு போய்ச் சலவையாகக் கொண்டுவந்து இறக்கும் வண்டியை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். ஒரு பூனையின் வாலைக்கூட மிதித்ததில்லை. அந்த வண்டிக்குத் தண்ணீர், காற்று, ஆயில் எல்லாம் கம்பெனி ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். இவர் காலையில் சாவியை வாங்குவார், சாயங்காலம் சாவியைக் கொடுப்பார். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கு வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது போல. வலிக்காதவரைக்கும் கேள்வி இல்லை.

வேலையை விட்ட வருடம் பழைய கார் ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து நேரே அவளுடைய அக்கா வீட்டுக்குத்தான் ஓட்டிப்போனார். அக்கா புருஷன், அதாவது சகலை, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து தலை நரைத்தவர். அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் பதினொரு பேர் இருந்தார்கள். சகலை காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டில் காதை வைத்தார். வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஆயில் எப்ப மாத்தினது என்று கேட்டார்.

"எதுக்கு மாத்தணும்? அது உள்ளேயேதான் இருக்கு," என்றார் இவர்.

பதினொரு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்து சகலை சொன்னார்: "சகலைக்கு ஸ்டீயரிங் தெரியும். வண்டி தெரியாது."

மறுபடியும் பதினொரு பேர். பன்னிரண்டாவதாக ஒரு சத்தம் கேட்டது. அது மனைவி நின்ற பக்கத்திலிருந்து வந்தது. இருமினேன் என்று அவள் இன்றுவரைக்கும் சொல்கிறாள்.

அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டார். சகலை தன் வாயால், நாலு பேர் முன்னால், வண்டியைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவரை அந்த வாசலை மிதிப்பதில்லை. அந்த வீட்டுப் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது. காரை எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் விடுவதில்லை; விட்டால் சகலை சொன்னது சரியென்று ஆகிப்போகும். இப்படியாக, சகலை பேசிய பேச்சுக்குக் கார் பட்டினி கிடந்தது.

போன மழையில் அந்தக் கார் மேம்பாலத்து உச்சியில் நின்றது. பின்னால் இருந்த ஊரே ஹாரன் அடித்தது. கால் மணி நேரம் கழித்து அதுவாகக் கிளம்பியது. வீடு வந்து, மூன்று மாடி ஏறி, ஈரச் சேலையைப் பிழிந்து போட்டாள் மனைவி. பிறகு சொன்னாள்.

"பொண்ணுக்கு இன்னும் ஏழு மாசத்துல பிரசவம். நாலு மணி நேரம் ஓடணும் இந்த வண்டி. ஒரே ஒரு தடவை சர்வீஸுக்கு விடுங்களேன்."

"ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்?"

"நின்னுச்சே."

"அதுவா நின்னுச்சு, அதுவா கெளம்பிருச்சு. அதுல நமக்கு என்ன வேலை?"

அவள் மேலே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம் என, முப்பத்தைந்து வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் நம்புகிற மனிதர் அவர்.

பத்து நாள் போயிற்று. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. அக்கா போன் பண்ணா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தே ஆகணும்னு சொல்றா. அத்தானும் உங்களைக் கேட்டாராம்."

துணிவண்டிக்காரர் கூரையைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் அந்தப் பழைய கதை வரும், கதை வந்தால் இருமல் வரும். தான் சொல்ல முடியாததை வண்டிதான் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

"காருக்கு ஒண்ணும் இல்லைல்ல? பேட்டரி கீட்டரி எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் தலையணை உறையை நாலாக மடித்தாள்.

பேட்டரி என்ற சொல் நேரே உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கீழே இறங்கினார். ஒவ்வொரு மாடிக்கும் முழங்கால் ஒரு புகார் சொன்னது. பானெட்டைத் தூக்கினால், பேட்டரியின் தலையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்து, கடலடியிலிருந்து எடுத்துவந்தது போல இருந்தது. ஒயரைக் கழற்றிவிடலாம் என்றால் நட்டு அசைய மாட்டேன் என்றது. சுரண்டினார். துடைத்தார். எண்ணெய் விட்டார். மறுபடியும் சுரண்டினார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் நட்டு இளகி, ஒயர் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது, பேட்டரியைக் கெடுப்பதற்கே முதலில் அதைப் பாதி சரிபண்ண வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலையில் மனைவி புதுச்சேலை கட்டி, மடியில் பையோடு உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொரு தரம் திருப்பி, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, பேட்டரி போய்விட்டது, அக்காவிடம் சொல்லிவிடு என்றார். சொல்லி முடிக்கவில்லை, எதிர்வீட்டு டாக்சிக்காரர் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சொம்பு வெந்நீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ். பல் விளக்க இங்கேயா வருகிறார் என்று இவர் யோசித்தார்.

"பானெட்டைத் தூக்குங்கண்ணே," என்றார் டாக்சிக்காரர்.

வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து மிச்சப் பொடியைத் தேய்த்துக் கழுவினார். பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். இது தன் ஆயுசைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றார். புதியது வந்து உட்காரும்போது உச்சி வெயில். மாடியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. வர முடியலக்கா, வண்டி மக்கர் பண்ணிருச்சு, அத்தான்கிட்ட கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு. துணிவண்டிக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சகலையின் முகம் சுருங்குவதை மனக்கண்ணால் பார்த்தார். அவருக்கு இடுப்பு வலி தெரியவில்லை.

அடுத்த மாதமும் அக்கா கூப்பிட்டாள். ரேடியேட்டரில் தண்ணீரெல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று மனைவி தானாகவே சொல்லிக்கொண்டாள். மறுநாள் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடலாம் என்று போனவருக்கு, திறந்துவிட அங்கே தண்ணீரே இல்லை. ரப்பர் ஹோஸ் வெடித்து எப்போதோ ஒழுகிப்போயிருந்தது. பொய் சொல்லப் போன இடத்தில் உண்மை அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மேம்பாலத்தில் ஏன் நின்றது என்று டாக்சிக்காரர் விளக்கினார். இவர் கேட்காதது போல இருந்தார்.

மூன்றாவது தடவை கையால் எதையும் தொடவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பிரேக்கில் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. டாக்சிக்காரர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மேலே வந்து, கையில் இருந்த பிரேக் பேடைக் காட்டினார். தேய்ந்து இரும்பு தெரிந்தது.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா டிஸ்க்கையே தின்னிருக்கும்."

"காது," என்றார் துணிவண்டிக்காரர்.

"அவரு காது காதுதான்," என்றாள் மனைவி.

இரண்டு நாள் அவர் கூன் போடாமல் நடந்தார். தன் நாக்கில் ஏதோ இருக்கிறது, சொன்ன கோளாறு பலிக்கிறது என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. நாலாவது அழைப்புக்கு, டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது என்றார். தேய்ந்துதான் இருந்தது, சக்கரத்தை நேர்பண்ண வேண்டியிருந்தது. ஐந்தாவது அழைப்புக்கு, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது என்றார். தட்டியபோது ஒரு படி மண்ணும் ஒரு காய்ந்த இலையும் விழுந்தன. என்ன, ஒவ்வொரு தடவையும் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டியிருந்தது. இரவில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, பழிவாங்குவது இத்தனை உடம்பு வலிக்கிற வேலை என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தார்.

ஆயில் பக்கம் மட்டும் அவர் போகவில்லை. அது அவர் பட்ட புண். ஆறாவது அழைப்பு அந்தப் புண்ணிலேயே கை வைத்தது.

"அத்தான் சிரிச்சாராம். சகலை இன்னமும் ஆயிலை மாத்தியிருக்க மாட்டாரு, வரட்டும், வந்ததும் ஆயில் அளக்குற கம்பியை இழுத்துப் பாக்கறேன்னு சொன்னாராம்," என்று மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துணிவண்டிக்காரர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. அன்று சாயங்காலமே, யாரும் பார்த்துவிடாதபடி இரண்டு தெரு தள்ளியிருந்த ஒர்க்‌ஷாப்பில், பழைய ஆயிலைத் தார் மாதிரி வடித்துக் கொட்டிவிட்டுப் புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்டுக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் போகாமல் இருக்கக் காரணம் இல்லை என்பது உறைத்தது. புது ஆயில் ஊற்றிய வண்டியை ஒரு வாரத்துக்குத் தூரமாக ஓட்டக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார். அப்படியா, சரி என்று மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். அவள் எதையும் உடனே ஒப்புக்கொள்கிறவள் அல்ல. அங்கேயே அவர் யோசித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. ஒரு மாதம் பார்த்தார். கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. கடைசியில் அவரே கேட்டார், உங்க அக்கா இப்பல்லாம் கூப்பிடறதில்லையா என்று.

"போதும்னு விட்டுட்டா போல," என்றாள் மனைவி.

சகலை தோற்றுப்போய் விலகிவிட்டார் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆறு தடவை கூப்பிட்டு ஆறு தடவையும் வராதவனை ஏழாவது தடவை கூப்பிட யாருக்குத்தான் முகம் இருக்கும்?

ஒரு புதன்கிழமை, காலைக் காப்பி ஆறுவதற்குள் மருமகன் போன் பண்ணினார். மகளுக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே. நாலு மணி நேரத் தூரம். மனைவி ஒரு பையை எடுத்தாள். அது கட்டித் தயாராக இருந்தது. சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. மழை தூறியது. மேம்பாலத்தில் ஏறும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு தும்மல்கூடப் போடாமல் ஏறி இறங்கியது. ஒரு லாரி திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நின்றது. பாலத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் காரில் அவள் கண்ணை மூடி அவர் பார்த்ததே இல்லை.

அவர்கள் போய்ச் சேருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பேத்தி பிறந்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், ஆஸ்பத்திரி நடைபாதையில், செய்தி கேட்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த அக்காவும் சகலையும் நின்றார்கள். துணிவண்டிக்காரர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

"வாங்க சகலை. பாத்து எவ்வளவு நாளாச்சு," என்றார் சகலை.

இவர் இதற்குத்தான் காத்திருந்தார். குரலில் வருத்தத்தையும் அலட்சியத்தையும் சரிபாதி கலந்து சொன்னார்: "என்ன பண்றது சகலை. நீங்களும் ஆறு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டீங்க. நமக்குத்தான் வரத் தோதுப்படலை."

சகலை அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு கூப்பிட்டது? நாங்க ஊர்லயே இல்லையே. ஏழு மாசம் பையன் வீட்டுல இருந்துட்டு முந்தாநாள்தான் வந்து எறங்கினோம். வீடு பூட்டித்தான் கெடந்துச்சு."

துணிவண்டிக்காரர் மெல்லத் திரும்பினார். மனைவி பிளாஸ்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிளாஸ்க் மூடிக்கு அத்தனை துடைப்பு தேவையில்லை. பக்கத்தில் போய், அடிக்குரலில், அப்ப கூப்பிட்டது யாரு என்றார்.

"நீங்கதான் போகப்போறதே இல்லையே," என்றாள் அவள். "யாரு கூப்பிட்டா என்ன?"

அவர் நடைபாதையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். அங்கே ஒரு சக்கர நாற்காலி காலியாக இருந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். ஆறு மாதம் மாடி ஏறி இறங்கி, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைப் பழிவாங்கியிருந்தார்.

சாயங்காலம் எல்லோரும் கீழே வந்தபோது, பழக்க தோஷத்தில் சகலை காரைச் சுற்றினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பானெட்டில் காதை வைத்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து ஆயில் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு இழுத்தார். நுனியில் தேன் நிறம். குனிந்து டயரைத் தடவினார். மருமகன், மருமகனின் அப்பா அம்மா, அக்கா எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேர். கணக்காக நாலு பேர். துணிவண்டிக்காரர் காரிலிருந்து இறங்கி, வருகிற வார்த்தை வேறெங்கும் விழுந்துவிடாதபடி சகலைக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"பேட்டரி புதுசா இருக்கே. எப்ப போட்டது?" என்றார் சகலை.

இவர் வாயைத் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"பேட்டரி போட்டு ஆறு மாசம் ஆச்சு அத்தான். ஹோஸ் அஞ்சு மாசம், பிரேக் பேட் நாலு. ஆயில் மாத்தி ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. டைமிங் பெல்ட்டு ஒண்ணுதான் பாக்கி, அதுக்கு இன்னும் ஒரு வழி யோசிக்கல."

சகலை எட்டி உள்ளே பார்த்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் சிரித்த அதே முகம் இப்போது மரியாதையில் நீண்டது.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேம்மா. உங்க வீட்லயும் வண்டி தெரிஞ்ச ஆள் இருக்கு," என்றார்.

நாலு பேரும் கேட்டார்கள். துணிவண்டிக்காரருக்கு வரவேண்டிய வார்த்தைதான், ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது; வந்து, அவரைத் தாண்டிப் போய், பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது.