பறவை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள மச்சான் கொட்வினுக்கு,

பலேர்மோவிலிருந்து அத்தான் அகஸ்ரின் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கு யாவரும் சுகம், என் இடுப்பைத் தவிர. ஒஸ்லோவில் உங்கள் எல்லோரின் இடுப்புக்கும் மாதாவை மன்றாடுகிறேன்.

மகள் அமலினிக்கு நீ பேசிய சம்பந்தம் என் வாயால் கெடப் பார்க்கிறது. பெடியனின் தகப்பன் விமலராஜ் அண்ணை போனில், ஞாயிறுதோறும் பூசை முடியப் பனிக்குள் நடந்து பறவை பார்ப்பேன், நீங்கள் எப்படி என்று கேட்டார். இருபது வருடமாகக் கடையில் இல்லாத சாமானுக்கும் "நாளைக்கு வரும்" என்றே சொல்லிப் பழகிய வாய். "ஓம் அண்ணை, நானும் விடாமல் பாக்கிறனான். இஞ்சை மடோனி மலையிலை பனியும் கிடக்கு" என்றுவிட்டேன். மனுசன் பெப்ரவரிக்கு ரிக்கெற் போட்டுவிட்டார். என்னோடு மலையில் பறவை பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வாராம். எனக்குத் தெரிந்த பறவை, உரித்துப் பெட்டியில் வரும் கோழி மட்டும்.

சாம்பிள் வைத்தால் ஆள் வரும் என்று பல்கனியில் குறுணி அரிசி வைத்தேன். புறாக்கள் வந்தன. புறாவை ஒருவரும் பறவையாக எண்ணமாட்டார்கள் என்றாள் அமலினி. நெத்தலிக் கருவாடு வைத்தேன். கடற்காகம் ஒன்று வந்தது, வந்தது போகவில்லை, காலை எட்டுக்குக் கண்ணாடியில் தட்டுகிறது, கருவாடு பிந்தினால் கீழ்வீட்டு இத்தாலிக்காரி சிஞ்ஞோரா காயப்போட்ட விரிப்பில் எச்சமிடுகிறது. அவ மேலே ஏறிவந்து கத்த, உன் அக்கா புனிதமலர், "கோழியைத் தவிர ஒண்டையும் பாக்காத மனுசன்! உங்கடை கடற்காகத்தாலை நாங்கள் வீடு மாறப்போறம்" என்கிறாள். சனிக்கிழமை மலைக்கே ஒத்திகைக்குப் போனேன். கடைக்குப் போடும் சப்பாத்தோடு பனியில் கால் வைத்ததுதான், மல்லாந்துவிட்டேன். எழும்ப முடியாமல் கிடக்க, நெஞ்சு சிவந்த குருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று, பலாரோ சந்தையில் தன் இடத்தை நான் பிடித்தமாதிரி முறைத்தது. நானும் முறைத்தேன். இருபது நிமிடம், இடுப்பே நினைவில்லை.

மச்சான், காலில் விழாக்குறையாகக் கேட்கிறேன். பனி உருகிவிட்டது, பாதை மூடிக்கிடக்கிறது என்று எதையாவது சொல்லி அவர் வரவை ஓகஸ்டுக்குத் தள்ளு. பனியில் நாலு எட்டு நடந்தாலே என் பொய் தெரிந்துவிடும், பிள்ளையின் கலியாணமும் அங்கேயே முடிந்தது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் வீட்டு ஹீற்றரை ஆண்டவர் பழுதில்லாமல் காப்பாராக.

அன்பு அத்தான்,
அகஸ்ரின்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் அமலினி வந்து, "அப்பா, அந்த மாப்பிளையோடை மூண்டு மாதம் கதைச்சுப் பாத்திட்டன். அவருக்குத் தன்ரை காரைத் தவிர வேறை கதை இல்லை. எனக்கு வேண்டாம்" என்றுவிட்டாள். உன் அக்காவும் அவள் பக்கம்தான். ஆகவே சம்பந்தம் இல்லை. ஆனால் விமலராஜ் அண்ணையை மறிக்காதே, பெப்ரவரியிலேயே வரட்டும், மலையடியில் அறை எடுத்துவிட்டேன். அந்தச் சிவப்பு நெஞ்சனை அவருக்கு நான்தான் காட்டவேண்டும். பனிச் சப்பாத்து ஒரு சோடி கொண்டுவரச் சொல். என் அளவு நாற்பத்திரண்டு.