லீகல் ஆஃபீசர் வேலைக்குப் போய் ஸ்க்ரூ போட்ட கதை

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காலைல பத்து மணிக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டைல ஒரு கம்பெனிக்குப் போய் இன்டர்வியூ முடிச்சுட்டு வரணும்.

போஸ்ட், லீகல் ஆஃபீசர். நான் எம்.எல்., அதுவும் தொழிலாளர் சட்டம். சொல்றப்ப கெத்தாத்தான் இருக்கும். முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு.

நீதிபதி தேர்வு எழுதினேன், முதல் கட்டத்துலயே வழியனுப்பி வெச்சாங்க. லெக்சரர் ஆகலாம்னு நெட் எழுதினேன், அதுவும் ஊத்திக்கிச்சு. காஞ்சிபுரம் கோர்ட்ல ஒரு சீனியர்கிட்ட சேர்ந்தேன். அவர் வாதாடுவார், நான் கேஸ் கட்டு தூக்குவேன். மிச்சம் இருந்தது கம்பெனி வேலைதான். வாலாஜாபாத்ல இருக்கிற எனக்கு இது கூடவா கிடைக்காது? எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கம்பெனி வாசல்லதான் இறக்கி விடறான்.

கிளம்பறப்ப அண்ணி ஒரு பெரிய ஃபைலைக் கையில திணிச்சாங்க. "எத கேப்பாங்கன்னு தெரியாது, அல்லாத்தையும் எடுத்துக்கினு போ." பத்தாவது மார்க் ஷீட்ல இருந்து சாதிச் சான்றிதழ் வரைக்கும் உள்ள இருந்தது.

கேட்ல செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, ஃபைலைத்தான் பார்த்தார்.

"இன்டர்வியூவா? லெஃப்ட் லைன்ல நில்லும்மா. ஃபோன் உள்ள அலவ் கெடையாது. குட்த்துட்டு டோக்கன் வாங்கிக்கினு போ."

நான் லீகல் போஸ்ட்டுக்கு வந்திருக்கேன்னு சொல்லிப் பார்த்தேன். எல்லாத்தையும் உள்ள சொல்லிக்கோன்னுட்டார். கூப்பிட்ட மெயிலும் ஃபோன்ல, ஹெச்.ஆர். நம்பரும் ஃபோன்ல, ஃபோன் லாக்கர்ல. என் கையில இருந்தது பதினேழாம் நம்பர் டோக்கன் மட்டும்தான்.

சட்டம் படிச்சவ வரிசையை மீறலாமா? போய் நின்னேன்.

எனக்கு முன்னாடி எட்டு பொண்ணுங்க. அதுல பக்கத்துல நின்னவ பேரு மாரிச்செல்வி, தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்துல ஒரே ரூம்ல ஆறு பேரா இருக்காங்களாம். நீங்க எந்த ஐ.டி.ஐ.ன்னு கேட்டா. நான் எம்.எல்.னேன். அது எந்த ஊர்ல இருக்குன்னு கேட்டா.

பேரையும் ஃபோன் நம்பரையும் எழுதிக்கிட்டு, முதல்ல கண் டெஸ்ட். கலர் கலரா புள்ளி வெச்ச புத்தகத்தைக் காட்டி நம்பர் கேட்டாங்க. எல்லாத்தையும் கரெக்டா சொன்னேன். பெரிய கம்பெனி, வக்கீலுக்குக் கூட கண்ணு நல்லா இருக்கணும்னு பார்க்கறாங்க போலன்னு எனக்கே ஒரு பெருமை.

அடுத்து உயரம், எடை. அப்பவும் எனக்குச் சந்தேகம் வரலை.

மூணாவது, ஓட்டை போட்ட பலகை. ஒரு நிமிஷத்துல நாற்பது ஸ்க்ரூவை எடுத்து உள்ள போடணும். மாரிச்செல்வி நாற்பதையும் போட்டுட்டு, நேரம் மிச்சம் இருக்குன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னா. நான் போட்டது பதினொண்ணு. ரெண்டு தரையில உருண்டுது. டெஸ்ட் எடுத்த சூப்பர்வைசர் குனிஞ்சு எடுத்துக் குடுத்துட்டு, வீட்ல பழகிட்டு வாங்கன்னு ஆறுதல் சொன்னார்.

அப்பதான் உறைச்சுது. இது ஆபரேட்டர் செலக்‌ஷன். சுவர்க் கடிகாரத்துல மணி பதினொண்ணே கால்.

ஓடிப்போய்ச் சொல்லலாம்னு திரும்பினேன். அதுக்குள்ள எங்களை ஹால்ல உட்கார வெச்சு, கையில ஒரு பேப்பரைக் குடுத்து, படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போடுங்கன்னுட்டாங்க. அங்கதான் தப்பு பண்ணினேன். நிஜமாவே படிச்சேன்.

நாலு பக்கம். பொடி எழுத்து. பின்னாடி வரிசை கேட் வரைக்கும் நீண்டுது.

"ஏக்கா, எல்லாத்தையுமா வாசிக்கீங்க? போட்டுட்டு வாங்க, சாப்பாடு போடுதாங்களாம்"ன்னா மாரிச்செல்வி.

மூணாவது பக்கத்துல மாட்டுச்சு. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எல்லாம் கம்பெனிகிட்ட ஒப்படைக்கணும், ரெண்டு வருஷத்துக்குள்ள வேலையை விட்டு நின்னா திருப்பித் தர மாட்டாங்க. மாரிச்செல்வி பேனாவைத் திறந்து வெச்சிருந்தா. அவ மார்க் ஷீட் மடியில இருந்தது.

"இதுல கையெழுத்து போடாத, சர்டிஃபிகேட் திரும்ப வராது"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஆனா ஹால்ல அவ்வளவு அமைதி, எல்லாருக்கும் கேட்டுடுச்சு. ஒருத்தி பேனாவை மூடினா. அப்புறம் எட்டு பேரும் மூடிட்டாங்க.

சூப்பர்வைசர் ஃபோன் போட, அஞ்சாவது நிமிஷம் ஹெச்.ஆர். மேனேஜர் வந்து நின்னார். யாரும்மா நீன்னு கேட்டார். பேர் சொன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. பத்து மணியில இருந்து எனக்காக மேல உட்கார்ந்திருந்தவரே அவர்தான்.

என்னைத் தனியா கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார்.

"மேடம், எங்களுக்கு வேணுங்கிற லீகல் ஆஃபீசர் இந்தப் பேப்பர்ல கையெழுத்து வாங்கித் தரணும். நீங்க சேர்றதுக்கு முன்னாடியே நிறுத்தி வெச்சிருக்கீங்க."

திங்கட்கிழமை புது புரொடக்‌ஷன் லைன் ஓட்டணும், ஆள் வேணும். அதனால மேல யார்கிட்டயோ பேசிட்டு வந்து, ஒவ்வொரு பேப்பர்லயும் அந்த வரியை அவரே பேனாவால அடிச்சுக் குடுத்தார். பொண்ணுங்க கையெழுத்து போட்டாங்க. மாரிச்செல்வி என் நம்பரைக் கேட்டு எழுதிக்கிட்டா. நான் டோக்கனைக் குடுத்து ஃபோனை வாங்கிக்கிட்டேன். பதினாலு மிஸ்டு கால். ஷேர் ஆட்டோவுல வர்றப்ப அழுகையா வந்துது. அடுத்த இன்டர்வியூ எப்ப வரும்னு தெரியாத பயம் அது.

மறுநாள் மாரிச்செல்வி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா. "எங்க எட்டு பேருக்கும் கெடச்சிட்டுக்கா. சர்டிஃபிகேட்டு எங்கிட்டதான் இருக்கு." மனசு நிறைஞ்சுடுச்சு. ஒன்றரை வருஷத்துல யாருக்கோ நான் வாங்கிக் குடுத்த முதல் தீர்ப்பு அது.

அடுத்த நிமிஷம் கம்பெனில இருந்து எனக்கும் ஒரு மெசேஜ். டிரெய்னி ஆபரேட்டர் பணிக்கு நீங்கள் தேர்வாகவில்லை, காரணம் கை வேகம் போதாது.

எம்.எல். முடிச்சா என்னென்ன வேலைக்குப் போகலாம்னு இன்பாக்ஸ்ல கேக்கறீங்களே, ஆபரேட்டர் வேலையை மட்டும் லிஸ்ட்ல இருந்து அடிச்சுடுங்க.