மஞ்சள் சட்டைக்காரருக்கு நான் பயிற்சியாளர் அல்ல

ஓல்டன்,
19 ஒக்டோபர் 2025

மதிப்புக்குரிய ஆசிரியர் தம்பி அருட்செல்வன் அவர்களுக்கு,

ஜெகதீஸ்வரன் கஜலக்சுமி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் இல்லாளும் பிள்ளைகளும், மாதாமாதம் பாடுபட்டு நீங்கள் வெளியிடும் பத்திரிகையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணைநிற்கட்டும். இங்கே நாங்களும் சுகம். இவருடைய முழங்கால் மட்டும் குளிர் வருமுன்பே குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டது. நிற்க.

உங்கள் இம்மாத இதழின் ஏழாம் பக்கத்தில், ‘அமெரிக்கக் கால்பந்தில் சாதித்த தமிழ்த்தாய்: முப்பத்துமூன்று வருடப் பயிற்சியாளர் ஓய்வு பெற்றார்’ என்று என் படத்துடன் செய்தி வந்திருக்கிறது. படம் என்னுடையதுதான். மற்றதெல்லாம் பிழை. நான் பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தில் துப்புரவு வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றவள். செய்தி வந்த நாளிலிருந்து ரெலிபோன் ஓயவில்லை. கனடாவிலிருந்து என் தம்பி சிவநேசன் எடுத்து, “அக்கா, உனக்கு ஓடவே தெரியாதே, பள்ளிக்கூடத்தில சாக்கோட்டத்திலயும் விழுந்தனீ எல்லோ!” என்று கேட்டான். கோயிலில் ஒரு பெண் தன் மகனுக்கு உயரம் காணாது, வளர ஏதும் பயிற்சி இருக்கோ என்று விசாரித்தார். இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். ஆனால் தம்பி, அங்கே ஆடிய கால்பந்துக் குழுவுக்கு உண்மையான பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். ரெட்டோ என்று பெயர். இந்த வருடம் மார்ச்சில் இறந்துபோனார். இறந்த மனிதனின் கதிரையில் என்னை ஏற்றி இருத்தி நீங்கள் படமும் பிடித்துப் போட்டுவிட்டீர்கள். அவருடைய மனைவி பார்பராவின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தயவுசெய்து திருத்தம் போடவும்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் எழுதவில்லை. நீங்கள் ஒருமுறை எழுதி, அதையும் பிழையாக எழுதியது போதும். 1986இல் ரெட்டோ அங்கே புவியியல் மாணவன். ஒரு வருடம் அமெரிக்காவில் படித்துவிட்டு ஒரு பந்தோடும் இரண்டு தலைக்கவசத்தோடும் திரும்பி வந்து, நண்பர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக் குழுவைத் தொடங்கினார். பந்து பப்பாசிப்பழம் மாதிரி. பேர் கால்பந்து, ஆனால் காலால் தொடுவது மிகக் குறைவு. ஐந்து வருடம் கழித்து நான் அங்கே வேலைக்குச் சேரும்போது குழுவில் இருபத்துநாலு பேர். அதுவரை ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

நான் சேர்ந்த மூன்றாம் நாள். மேல்மாடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்கிறேன். கீழே புல்வெளியில் ஒருவன் எதையோ நெஞ்சோடு அணைத்தபடி ஓடுகிறான். பத்துப் பேர் துரத்தி, விழுத்தி, ஒருவருக்கு மேல் ஒருவராகக் குவிகிறார்கள். எங்கட ஊரில் ஒருத்தன் எதையும் நெஞ்சோட அணைச்சுக்கொண்டு ஓடினால் அது பிள்ளையாக இருக்கும், இல்லையென்றால் பிள்ளையைவிட அவசரமான ஏதோ ஒன்றாக இருக்கும். நான் யோசிக்கவில்லை. சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை முழு உள்ளங்கையாலும் அடித்தேன். மணி அடித்தது, கட்டிடத்தில் இருந்த முந்நூறு பேரும் வெளியே வந்தார்கள், இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. அதிலிருந்து இறங்கியவர்கள் நெருப்பைத் தேடிக் களைத்துப்போய்க் கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார்கள். என் மேலாளர் நிறையக் கத்தினார். எனக்கு அப்போது தெரிந்தது பன்னிரண்டு ஜெர்மன் சொல். அவற்றில் ‘முடிந்தது’ என்பதும் ஒன்று. அந்தச் சொல் மட்டும் விளங்கியது. வேலை போனால் அகதிக் கோரிக்கைக்கு என்ன ஆகுமோ, இவருக்கு என்ன சொல்லுவேனோ என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன், அப்போதுதான் சேறும் சகதியுமாக ஒரு உயரமான பொடியன் வந்து எனக்கும் மேலாளருக்கும் நடுவில் நின்றான். அவன் சொன்னதைப் பிறகு ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

“இந்த அம்மா செய்தது சரி. பத்துப் பேர் ஒருத்தனை விழுத்தினால் மணி அடிக்கத்தான் வேணும். இது விளையாட்டு எண்டு அவவுக்குச் சொல்லாதது எங்கட பிழை.”

வேலை தப்பியது. அந்தப் பொடியன்தான் ரெட்டோ. அடுத்த நாள் பந்தையும் கொண்டுவந்து, நான் அப்போதுதான் துடைத்து முடித்த நிலத்தில் சோக்கட்டியால் கோடு கீறி, நாலு தரம் முயற்சி செய்யலாம், அதற்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்க இரண்டு வருடம் எடுத்தது. நிலத்தைத் திரும்பத் துடைக்க அரை மணித்தியாலம்.

அந்த நன்றிக்காகத்தான், மூலையில் புளித்த மணத்தோடு குவிந்து கிடக்கும் அவர்களுடைய சட்டைகளை நான் தோய்க்கத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. இனி மஞ்சள் நிறத்துக்கு வருகிறேன். ‘மங்கலத்தின் அடையாளமாக மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார் பயிற்சியாளர்’ என்று உங்கள் நிருபர் நித்தியானந்தன் எழுதியிருக்கிறார். நான் ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. குழுவின் சட்டை வெள்ளை. 1993 ஆனியில் என் வீட்டுக்காரர் காவடி எடுத்தார். அதற்கு ஒரு வேட்டியை மஞ்சளில் தோய்த்துக் கட்டினார். எங்கள் மாடிவீட்டுச் சலவை அறையில் எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒருதரம், அதுவும் ஒரு புதன்கிழமை காலை. முறை மாறித் தோய்த்தால் கீழ்வீட்டு அம்மா கடுதாசி ஒட்டுவா, தம்பிக்குத் தெரியாதா இந்த நாட்டுச் சங்கதி. அதனால் வேட்டியை ஒரு பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய், பல்கலைக்கழக மெசினில் சட்டைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். ஒரு வேட்டிதானே! கதவைத் திறந்தால் இருபத்துநாலு சட்டையும் கொன்றைப்பூ. அடுத்த நாள் ஆட்டம். மாற்றுச் சட்டை கிடையாது. நான் அழுதபடி நின்றேன். ரெட்டோ ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நல்லது, தூரத்திலயிருந்தே ஆளை ஆள் தெரியும்,” என்றார்.

அந்தச் சனிக்கிழமை மழை. அந்தக் காலத்தில் மைதானத்துக்குக் கோடு போட்டது சுண்ணாம்பால். மஞ்சளும் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன வருமென்று ஒருதரமாவது கலியாண வீட்டில் ஆலாத்தி கரைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் விழுந்தவன் எழும்பும்போது முதுகில் சிவப்பாக ஒரு கோடு. இரண்டாவது ஆளுக்குத் தோளில். பத்து நிமிடத்தில் எங்கள் பொடியள் எல்லாரும் குத்துவெட்டில் இருந்து வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள், ஒருத்தனும் நோகுது என்று சொல்லவில்லை, தொடர்ந்து ஓடுகிறார்கள். எதிர்க்குழு வெளிறிப்போனது. நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார், வைத்தியர் ஓடிவந்து ஒவ்வொருவருடைய சட்டையையும் தூக்கிப் பார்த்தார், ஒரு கீறல்கூட இல்லை. நான் வேலியைத் தாண்டி உள்ளே போனேன். விளங்கப்படுத்த வேண்டுமே! ஆலாத்திக்கு ஜெர்மனில் என்ன சொல்? “கலியாணம்! கலியாணம்!” என்றுதான் வாயில் வந்தது. நடுவர் என்னையும் அந்த இருபத்துநாலு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “யாருக்கு?” என்று கேட்டார்.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. எதிர்க்குழுக்காரர் எங்களைத் தொடவே பயந்தார்கள். பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு. ஏழு வருடத்தில் முதல் வெற்றி! என்னை ஆறு பேர் தோளில் தூக்கினார்கள், என்ரை நீலக் கம்பளிச் சட்டை அன்றோடு போச்சு. அந்த வருட முடிவில் குழு முறைப்படி மஞ்சள் சட்டைக்கு மாறியது. அதை நான் தோய்த்தேன், தனியாக.

பயிற்சி என்று நான் எதையும் செய்தேன் என்றால் முழு முப்பத்துமூன்று வருடத்தில் ஒரேயொரு தரம். 2004இல் உர்ஸ் என்று பல்வைத்தியம் படித்த பிள்ளை பந்து எறிகிறவன். இடப்பக்கம் எறிய முந்தி இடக்காலை ஒரு தட்டுத் தட்டுவான். மேல்மாடிக் கண்ணாடியிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். சட்டைகளைக் கொடுக்கும்போது ரெட்டோவிடம், “அவன் தட்டுறது எனக்கே தெரியுது, மற்றவைக்குத் தெரியாதோ?” என்று கேட்டேன். அவர் கொப்பியில் குறித்துக்கொண்டார். அந்த வருடம் இரண்டாம் பிரிவில் முதலிடம். விருந்தில் ரெட்டோ எழும்பி எல்லாருக்கும் முன்னால் அதைச் சொன்னார். நான் வெட்கத்தில் பிளேட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன், அது மண்டபத்துக்காரரின் வேலை என்று தெரிந்தும்.

அதற்குப் பிறகு பெரிதாக வெற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும் தம்பி, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களை நினைத்தால் இப்பவும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ரெட்டோ படித்து முடித்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். செவ்வாயும் வியாழனும் சம்பளமில்லாமல் வந்து பயிற்சி கொடுத்தார். மாணவர் வருவார்கள், நாலு வருடம் நிற்பார்கள், போவார்கள். அவர் மட்டும் போகவில்லை. நானும் போகவில்லை. அவர் கீழே, நான் மேலே. கை காட்டுவார். நான் துடைக்கிற துணியை ஆட்டுவேன். எங்கள் மகள் வேணுகா பிறந்தபோது இருபத்துநாலு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு பந்தைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள். பிள்ளையைவிடப் பந்து பெரிது.

கடைசி வருடங்களில் ஆள் குறைந்தது. பிள்ளைகளுக்கு நேரமில்லை. போன வருடம் பதினைந்து பேர். ரெட்டோ மார்ச்சில் போனதும், இனிக் குழு இல்லை என்று நிர்வாகம் எழுதிவிட்டது. செப்ரெம்பரில் கடைசி ஆட்டம். பழையவர்கள் எல்லாரும் வந்தார்கள். உர்ஸின் தலை தலைக்கவசத்துக்குள் போனது, வயிறு சட்டைக்குள் போகவில்லை. நான் பார்பராவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆட்டம் முடிந்தும் ஒருவரும் வெளியே போகவில்லை, சும்மா புல்லில் நின்றார்கள். பார்பரா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டில அவர் உன்னைப் பற்றித்தான் கதைப்பார், மேல வெளிச்சம் எரியுது, கஜா நிக்கிறா எண்டு,” என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் நித்தியானந்தன் வந்து, “அக்கா, நீங்கள் இங்க என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டார். நான் அழுதபடி, “முப்பத்துமூண்டு வருசம் எல்லாத்தையும் பாத்தது நான்தான் தம்பி,” என்றேன்.

பார்த்தது என்றால் கண்ணாடியால் பார்த்தது, தம்பி! அவர் பொறுப்பாக இருந்து பார்த்தது என்று எடுத்துவிட்டார். பிழை அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, தமிழின் பிழை. ஆனால் செய்தி உங்கள் பத்திரிகையில் வந்திருக்கிறது. ஆகவே வருகிற இதழில், அதே ஏழாம் பக்கத்தில், அதே பருமனான எழுத்தில், பயிற்சியாளர் ரெட்டோ என்றும், கஜலக்சுமி சட்டை தோய்த்தவர் என்றும், குழு இப்போது இல்லை என்றும் போட்டுவிடுங்கள். ரெட்டோவின் படம் ஒன்று இத்துடன் இருக்கிறது. சிரித்தபடி இருப்பவர் அவர்.

உங்கள் குடும்பத்தார்க்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தமிழும் படிப்பும் தழைத்துப் பெருவாழ்வு வாழட்டும். நித்தியானந்தனைக் கோபிக்க வேண்டாம். நல்ல பிள்ளை, பசியோடு வந்திருந்தார், ரோல்ஸ் இரண்டு கொடுத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா
ஜெ. கஜலக்சுமி

பி.கு: கடிதத்தை ஒட்ட முந்தி ரெலிபோன் வந்தது. சூக் நகரிலிருந்து கோபிஷா என்று ஒரு பிள்ளை, அதே பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிறாவாம். “அன்ரி, அப்பா பேப்பரில காட்டினவர். நாங்கள் பதினொரு பெட்டையள் குழு துவங்குறம். விழுத்திறேல்ல, இடுப்பில கட்டின துணியைப் பறிக்கிறது. நிர்வாகம் ஓமெண்டிட்டுது, ஆனா கோச் ஒராள் வேணுமாம். நீங்கள் வருவியளோ?” என்று கேட்டா. இல்லையம்மா, அது பிழையான செய்தி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “பந்து எறியிறது ஆர்?” என்று வந்துவிட்டது. உடனே பார்பராவுக்கு எடுத்து, நடந்ததை எல்லாம், பத்திரிகையில் வந்தது உட்பட, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்து, “எத்தனை மணிக்கு? நானும் வாறன்,” என்றா. ஆகவே தம்பி, மேலே எழுதிய ஒன்றையும் போட வேண்டாம். ரெட்டோவின் படத்தை மட்டும், முதல் பயிற்சியாளர் என்று போடுங்கள். மழை என்று சொல்கிறார்கள், செவ்வாய்க்கிழமைக்கு முன் எனக்கு முள்ளுச் சப்பாத்து வாங்க வேண்டும், முப்பத்தாறாம் அளவில் கிடைக்குமோ தெரியவில்லை.